விசாகப்பட்டினத்தில் கரையேறிய புயலும் தோரோங் லா கணவாயும்

நேபாளத்தில், அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் உச்சமான தோரோங் லா கணவாயில், 2014 அக்டோபர் 14 செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பெரும்பாலான செய்திகள் "திடீர்ப் பனிப்புயல்" என்றே எழுதின. அதில் திடீரென்று வந்தது எதுவும் இல்லை என்பது என் கட்சி. அந்தப் புயலுக்கு ஹுட்ஹுட் என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். இந்திய வானிலைத் துறை நாள்கணக்காக அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அது விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் மிச்சம் இரண்டு நாள் கழித்து இமயமலையில் போய்க் கொட்டியதில், அன்னபூர்ணா, தௌலகிரி வட்டாரங்களில் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேராவது மலையேற்றப் பயணிகள். நேபாளத்தின் ட்ரெக்கிங் பாதைகளில் நடந்தவற்றிலேயே மோசமான விபத்து இது என்று சொல்லப்படுகிறது.

இதை எடுத்து எழுத ஒரு காரணம் உண்டு. மலையில் செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது "அனுபவம் இல்லாதவர்கள், அசட்டுத் துணிச்சல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அன்றைக்கு இறந்தவர்களில் அந்த மலையிலேயே பிழைப்பு நடத்திய வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் இருந்தார்கள். அவர்களிடம் போய் அனுபவம் போதவில்லை என்று சொல்ல முடியுமா?

வழக்கமான நாள் ஒன்று

எதுவும் நடக்காத ஒரு நாள் அங்கே எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் அன்றைய நாள் புரியும்.

அன்னபூர்ணா மலைக்கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் இந்தப் பாதை 1977இல் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்டது. கிழக்கே மர்ஸ்யாங்டி ஆற்றோரமாக ஏறி, மனாங்கில் (சுமார் 3,500 மீட்டர்) ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, யாக் கார்க்கா, லெடார் வழியாகத் தோரோங் ஃபேடிக்கு வந்து, கணவாயைத் தாண்டி மேற்கே முக்திநாத்தில் இறங்குவார்கள். கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதற்கு நேர் எதிர்த்திசை. கிழக்கிலிருந்து வந்தால் சுமார் 4,500 மீட்டரில் ஃபேடி, 4,900க்குப் பக்கத்தில் ஹை கேம்ப் என்று படிப்படியாகத் தங்கி ஏறலாம். மேற்கிலிருந்து வந்தால் முக்திநாத்தின் 3,800 மீட்டரிலிருந்து கணவாயின் 5,416 மீட்டருக்கு ஒரே நாளில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஏற வேண்டும், நடுவில் ஒழுங்காகத் தங்கக்கூட இடம் கிடையாது. அதனால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பக்கமிருந்துதான் வருகிறார்கள். இந்த ஒருவழிப் போக்குவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முக்திநாத் என்றால் நம்மவர்களுக்குச் சாளக்கிராமம், திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். நம்மூர் யாத்திரிகர்கள் ஜோம்சோம் வரை விமானத்திலோ ஜீப்பிலோ வந்து, மேற்குப் பக்கமாகவே ஏறிச் சேவித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் தெரியும் அந்த மொட்டை மலைச்சரிவில்தான் நான் சொல்லப்போவதில் பாதி நடந்தது.

கணவாய் நாள் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். மூன்று, நான்கு மணிக்கு எழுந்து, லாட்ஜ் சமையலறையில் கஞ்சியோ திபெத்திய ரொட்டியோ முட்டையோ உள்ளே தள்ளிவிட்டு (அந்த உயரத்தில் பசியே இருக்காது, தள்ளத்தான் வேண்டும்) நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். காற்றுக்குப் பயந்துதான் இந்த அவசரம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் காற்று பேர் போனது, முற்பகல் தாண்டினால் ஜோம்சோமில் சிறு விமானங்கள்கூட இறங்காது. வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஹை கேம்ப்பிலிருந்து கணவாய்க்கு இரண்டு, மூன்று மணி நேரம். தூரம் பெரிதில்லை, மூச்சுதான் பிரச்சினை. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று மேல்தான் அங்கே கிடைக்கும். பத்தடி வைத்து நின்று, பத்தடி வைத்து நின்று போவார்கள். இதுதான் உச்சி என்று நினைத்து ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நிற்கும், அதற்குப் பின்னால் இன்னொன்று. குடிநீர்ப் பையின் குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும். ஷூ நாடா அவிழ்ந்தால் கையுறையைக் கழற்றாமல் கட்ட முடியாது, கழற்றினாலோ அரை நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போய், திரும்ப உணர்வு வரும்போது ஊசி குத்துவது போல வலிக்கும்.

உச்சியில் கொடித் தோரணங்கள், உயரம் எழுதிய ஒரு பலகை, கல் அடுக்கிக் கட்டிய சின்ன டீக்கடை. ஒரு டீ, ஒரு போட்டோ, அப்புறம் முக்திநாத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முட்டியைப் பதம்பார்க்கும் இறக்கம். மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இருக்கலாம். அக்டோபரில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் போகும், நீலவானத்தோடு. அதை நம்பித்தான் கூட்டமும் அக்டோபரில் குவிகிறது.

1,200 கிலோமீட்டர், நேர் வடக்கே

வரைபடத்தில் விசாகப்பட்டினத்தில் விரலை வைத்து நேராக மேலே இழுத்தால் ஏறத்தாழ தோரோங் லாவில் போய் நிற்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகைதான், இடையில் சுமார் 1,200 கிலோமீட்டர். ஹுட்ஹுட் கரையைக் கடந்த பிறகு வலுவிழந்து, சத்தீஸ்கர், கிழக்கு உத்தரப் பிரதேசம் வழியாக வடக்கே நகர்ந்தது. சமவெளியில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டத்தில் அது மழை கொடுக்கும் ஒரு தாழ்வுப் பகுதி, அவ்வளவுதான். கரையைக் கடந்ததும் டிவிக்காரர்களும் காமிராவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் காற்று போனாலும் ஈரம் போவதில்லை. வங்காள விரிகுடாவிலிருந்து அள்ளிவந்த ஈரப்பதம், மேற்கிலிருந்து வந்த மேலடுக்குத் தாழ்வோடு சேர்ந்து, எட்டாயிரம் மீட்டர் மலைச்சுவரில் முட்டி மேலே ஏறியது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். கீழே மழையாக விழுவது அந்த உயரத்தில் பனியாக விழும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்னபூர்ணாவின் தெற்கே லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலைக்கு வடக்கே இருக்கும் ஜோம்சோமில் 300ஐக்கூட எட்டாது. மனாங்கும் முக்திநாத்தும் அந்த மழைமறைவுப் பக்கம். இந்த வறட்சிதான் அந்தப் பாதைக்கு "எப்போது போனாலும் பிரச்சினை இல்லை" என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. தென்மேற்குப் பருவத்தின் மேகங்களை அந்தச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதும் உண்மைதான். கடலிலிருந்து நேராக ஏறிவரும் புயலின் மிச்சம் வேறு ரகம், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இது முதல் தடவையும் இல்லை. 1995 நவம்பரில் இந்தியாவின் கிழக்குக் கரையைக் கடந்த ஒரு புயல் இதேபோல் நேபாளத்தில் பனியைக் கொட்டியது. அப்போது எவரெஸ்ட் பக்கம் கோக்யோ பள்ளத்தாக்கில் விழுந்த பனிச்சரிவில் 13 ஜப்பானியப் பயணிகளும் அவர்களோடு வந்த நேபாளப் பணியாளர்களும் மாண்டார்கள். 2013இல், அதே அக்டோபர் 12ஆம் தேதி, ஒடிசாவில் கரையைக் கடந்த பைலின் புயலும் நேபாளத்துக்கு மழையும் பனியும் அனுப்பியது. ஆக, சரியாக ஒரு வருடம் முன்பு ஒத்திகையே நடந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் வரும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நேபாளத்தின் உச்ச ட்ரெக்கிங் பருவமும் அதே மாதங்கள்தான் என்பதை மட்டும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை.

14ஆம் தேதி

முதல் நாளே வானம் மூடியிருந்தது. அதிகாலையில் ஃபேடியிலும் ஹை கேம்ப்பிலும் எழுந்தவர்கள் பார்த்தது பனித்தூறல். பயமுறுத்தும் அளவுக்கு இல்லை, கொஞ்சம் அழகாகவும் இருந்திருக்கும். சிலர் தங்கிவிட்டார்கள். பலர் கிளம்பினார்கள். முன்னால் ஒரு குழு போனால் அதன் காலடித் தடம் பின்னால் வருபவருக்கு வழியாகவும் தைரியமாகவும் ஆகிவிடுகிறது. இருட்டில் வரிசையாக மேலே ஏறும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு லாட்ஜில் உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை.

ஏற ஏறப் பனி கனத்தது. கணவாயை எட்டியபோது சுற்றிலும் வெள்ளைதான், தரை எது வானம் எது என்று தெரியாத நிலை. பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் பனி விழுந்ததாகச் செய்திகள் சொல்லின. ஒரு ஆள் உயரம்! ஏறிவந்த தடம் சற்று நேரத்திலேயே மூடிப்போயிருக்கும். அந்தச் சின்ன டீக்கடைக்குள் தாங்கமுடியாத கூட்டம் ஒண்டியது. நனைந்த உடை, அடுப்புக்கு எரிபொருள் குறைவு, வெளியே காற்று.

மதியத்துக்குப் பிறகு, இரவு இங்கே மாட்டிக்கொண்டால் செத்துவிடுவோம் என்று முடிவுசெய்து ஒரு கூட்டம் முக்திநாத் பக்கம் இறங்கத் தொடங்கியது. உயிர்ப்பலி அதிகம் நடந்தது இந்த இறக்கத்தில்தான். டீக்கடையிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இரவைக் கழித்தவர்களில் பலர் காலையில் உயிரோடு இருந்தார்கள். 15ஆம் தேதி வானம் வெளுத்தது, நேபாள ராணுவத்தின் ஹெலிகாப்டர்கள் வந்தன. அடுத்தடுத்த நாட்களில் 500க்கும் மேற்பட்டோர் அந்த வட்டாரத்திலிருந்து மீட்கப்பட்டார்கள், நிறையப் பேருக்குக் கை, கால் விரல்கள் பனியில் கருகியிருந்தன. தௌலகிரி அடிவார முகாமில் பனிச்சரிவு இரண்டு ஸ்லோவாக்கியர்களையும் மூன்று நேபாளிகளையும் கொண்டுபோனது வேறு கணக்கு.

ஏன் இறங்கினார்கள் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல நாளில் முக்திநாத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம். அக்டோபர் நடுவில் அங்கே ஐந்தரை, ஐந்தே முக்காலுக்குச் சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்குக் கிளம்பினால் உலர்ந்த பாதையிலேயே இருட்டுவதற்குச் சற்று முன்புதான் போய்ச் சேர முடியும். இடுப்பளவுப் பனியில் ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கி, மிதித்து, உடம்பை முன்னால் தள்ளி, மறுபடி காலைத் தூக்க வேண்டும். அந்தக் கணக்கில் இருட்டுவதற்குள் முக்திநாத்துக்கு வழியே இல்லை. வழியில் கம்பங்கள் நட்டிருப்பார்கள், ஆனால் வெள்ளை இருட்டில் ஒரு கம்பத்தடியில் நின்றால் அடுத்த கம்பம் தெரியாது. மேற்குச் சரிவோ அகலமான மொட்டைவெளி. மரம் கிடையாது, வேலி கிடையாது, அடையாளம் என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. தடம் தெரியாதபோது கால் தன்னால் பள்ளத்தை நோக்கிப் போகும். பள்ளத்தில்தான் காற்று அள்ளிவந்து குவித்த பனி ஆழமாகக் கிடக்கும், மேலிருந்து சரிந்தாலும் அங்கேதான் வந்து விழும்.

குளிர் கொல்லும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல். ஏறக்குறைய 32க்குக் கீழே போனால் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதும் ஆளுக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் உடம்பு சூடு உண்டாக்குவதைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். மூளையும் மந்தமாகிவிடும். "கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்" என்று பனியில் உட்காருபவரை அப்போதே இழுத்து நிறுத்தாவிட்டால் எழுப்ப முடியாது. சிலர் சூடாக இருக்கிறது என்று சட்டையைக் கழற்றிவிடுவதும் உண்டு. பருத்தி உடையும் நனைந்த கையுறையும் இதை இன்னும் வேகமாக்கும். சுமைதூக்கிகளைப் பாருங்கள், இருபது முப்பது கிலோ முதுகில், காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. பின்னால் வரும் வாடிக்கையாளரின் ஜெர்கினோ அவருக்கு எட்டாத விலை. பொதியை எறிந்துவிட்டு ஓடலாமே என்பவர்களுக்கு: அது இன்னொருவருடைய சாமான், தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் கடைசி வரை இருக்கும்.

தகவல் எங்கே நின்றது?

நேபாள வானிலைத் துறை ஹுட்ஹுட்டால் மழையும் பனியும் வரும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு செய்தியாக வந்தது, ஆனால் ஃபேடியில் படுத்திருந்தவரிடம் அதை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நாள்கணக்காக நடந்துவருபவருக்குச் செய்தி என்பது முந்தைய லாட்ஜில் யாரோ சொன்னதுதான். தகவலை மேலே கொண்டுபோக ஒரு ஏற்பாடும் இல்லை என்பது அப்போதைய பிரதமர் சுசீல் கொய்ராலாவே ஒப்புக்கொண்ட குறை.

வினோதம் என்னவென்றால், அதே பாதையில் வேறொரு விஷயத்துக்கு அருமையான ஏற்பாடு இருந்தது. மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் உண்டு. பருவ காலத்தில் தினமும் பிற்பகலில் அங்கே மருத்துவர்கள் உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உடம்புக்கு வரும் கோளாறு) பற்றி வகுப்பு எடுப்பார்கள். தலைவலி வந்தால் என்ன, வாந்தி வந்தால் என்ன, எப்போது கீழே இறங்க வேண்டும், எல்லாம் சொல்லித் தருவார்கள். மிக நல்ல வேலை, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். அந்தப் பாதையில் போகிறவர் ஒவ்வொருவருக்கும் உயரத்தைப் பற்றிய பயம் மண்டையில் ஏறியிருக்கும், வானத்தைப் பற்றிய பயம் ஏறியிருக்காது. போதாததற்கு, உயரத்தைப் பற்றிய அந்தப் பாடமே அன்றைக்கு எதிராகத் திரும்பியிருக்கலாம் என்பது என் ஊகம். ஹை கேம்ப்பில் தலைவலியோடு தூங்காமல் இரவைக் கழித்தவருக்கு இன்னொரு இரவு அங்கே தங்குவதுதான் ஆபத்தாகத் தெரியும். சீக்கிரம் கீழே போக வேண்டும் என்பார். வந்த வழியே ஃபேடிக்கு நானூறு மீட்டர் இறங்கினாலும் கீழேதான். ஆனால் அந்தப் பாதையில் கீழே என்றாலே எல்லோருக்கும் முக்திநாத்தான். ஒருவழிப் போக்குவரத்து என்று முன்பே சொன்னது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கடலுக்குப் போக வேண்டாம் என்றால் மீனவருக்கு அன்றைய வருமானம் போகும். இருந்தாலும் சொல்ல ஒரு அலுவலகம் இருக்கிறது, பார்க்க ஒரு கூண்டு இருக்கிறது. ஃபேடியில் அப்படி ஒரு கூண்டு இல்லை. இன்று கணவாய் மூடல் என்று சொல்லும் பொறுப்பு யாருக்குமே கொடுக்கப்படவில்லை. லாட்ஜ்காரர் சொல்ல மாட்டார், அவருக்கு அது வேலை இல்லை. வழிகாட்டி சொல்லலாம், ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. கம்பெனிக்குப் பணம் தருவது வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கோ ஜோம்சோம் விமானமும் அதற்கடுத்த நாள் காத்மாண்டு விமானமும் புக் ஆகியிருக்கும். ஒரு நாள் பொறுப்போம் என்ற வாக்கியத்தை இவர்களில் யார் முதலில் சொல்வது?

விபத்துக்குப் பிறகு பேச்செல்லாம் வழிகாட்டியைக் கட்டாயமாக்குவது பற்றியே போனது. கடைசியில் 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்ற விதி வந்தது. எல்லாப் பாதையிலும் ஒரே மாதிரி அமலாகவில்லை என்பது வேறு விஷயம். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும், தனியாகப் போய்த் தொலைகிறவர்கள் குறைவார்கள், சரி. 2014க்கு இது மருந்தாகியிருக்காது என்பேன். அன்றைக்கு வழிகாட்டியோடு போனவர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள், வழிகாட்டிகளும் இறந்தார்கள். வழி தெரிந்த ஆள் அன்றும் கூடவே இருந்தார். போக வேண்டாம் என்று அவர் சொன்னால் எல்லோரும் கேட்டாக வேண்டும் என்ற நிலைதான் இல்லை.

நாமாகச் செய்துகொள்ளக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் மனாங்கை விட்டுக் கிளம்பும் முன் மலை வானிலையை மட்டும் பார்க்காமல், இந்திய வானிலைத் துறையின் வங்கக்கடல் அறிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆந்திரத்திலோ ஒடிசாவிலோ ஒரு புயல் கரையைக் கடந்திருந்தால் அடுத்த மூன்று நாட்கள் கணவாய் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹை கேம்ப்பில் தங்குவதைவிட ஃபேடியிலோ அதற்கும் கீழே லெடாரிலோ தங்குவது, காத்திருக்கவும் திரும்பவும் வசதி. அதிகாலையில் பனி விழுந்துகொண்டிருந்தால் கிளம்பாதீர்கள், முன்னால் எத்தனை விளக்குகள் போனாலும் சரி. பயணத் திட்டத்தில் கணவாய்க்கு என்று இரண்டு உபரி நாட்களை ஒதுக்குங்கள், போர்ட்டருக்கு அந்த நாட்களின் கூலியும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜோம்சோமில் விமானத்தைத் தவறவிட்டால், எலும்பைக் குலுக்கினாலும், போக்ராவுக்குப் பேருந்து இருக்கிறது.